மலையில் வீடு வாங்குமுன் பின்பக்கத்தைப் பாருங்கள்: நீலகிரிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் வீடு வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் வெயில் கொளுத்தும் நாளில் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்று டீ குடித்தால், அந்தப் பால்கனியையே விலைபேசத் தோன்றும். தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மூடுபனி விலகிய பிறகு, காலை பத்து மணி வாக்கில், பள்ளத்தாக்கு தெரிகிற பக்கமாகவே உங்களை அழைத்துப்போவார்கள். வீட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். மலையை வெட்டி வீடு உட்கார்ந்திருக்கும் இடம் அதுதான்.

சமவெளியில் கட்டடத்தை முதலிலும் நிலத்தைப் பிறகும் பார்த்தால் பெரிய நஷ்டம் வந்துவிடாது. மலையில் அந்த வரிசை உதவாது. இங்கே சரிவு முதலில், தண்ணீர் அடுத்து, பிறகு பாதை, அதன் பிறகு பத்திரம், எல்லாம் சரியாக இருந்தால் வீடு. ஓடு மாற்றலாம், சமையலறையை இடித்துக் கட்டலாம். மேலே இருக்கும் மலையை யாராலும் நகர்த்தி வைக்க முடியாது.

முதலில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள்

வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே ‘ஊட்டி’தான். ஆனால் ஒரே மாவட்டத்துக்குள் நாலு விதமான வானிலை இருக்கிறது. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூரும் கோத்தகிரியும் அதைவிட நானூறு மீட்டர் போலக் கீழே. கூடலூர் இன்னும் கீழே இறங்கி, ஏறக்குறைய வயநாட்டின் தொடர்ச்சி போல இருக்கும்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா, நடுவட்டம், குந்தா பக்கங்களை நனைத்து எடுக்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. பல சமவெளி ஊர்களுக்கு அது ஒரு வருட மழை. அதே நாள்களில் கோத்தகிரியில் லேசான தூறல்தான் இருக்கும், ஏனென்றால் தொட்டபெட்டா நடுவில் மறைத்துக்கொள்கிறது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் சோதனைக் காலம் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. 1993 நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையின் மரப்பாலம் பகுதியில் நடந்த நிலச்சரிவும், 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகைப் பகுதிகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த நிலச்சரிவுகளும் இந்த மழையில் வந்தவையே.

ஆகவே உதகைக்கு மேற்கே வீடு பார்க்கிறீர்கள் என்றால் ஜூலையில் ஒருமுறை வாருங்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் என்றால் நவம்பரில் வாருங்கள். மழைக்கு நடுவில் வீட்டைக் காட்டத் தயங்கும் உரிமையாளர் ஏன் தயங்குகிறார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

வயதானவர்கள் குடியேறுவதாக இருந்தால் உயரத்தையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துப் பாருங்கள். மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு உதகையின் டிசம்பர் கடினம், குன்னூர் பரவாயில்லை. உதகையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் பெரிய சிகிச்சை என்றால் இன்றும் பலர் கோவைக்குத்தான் இறங்குகிறார்கள். மலைப்பாதையில் மண் சரிந்தால் பர்லியார் வழி அடைபடும், கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு இரண்டு வழியும் எட்டுகிறதா என்று கேளுங்கள்.

மண்ணும் தடுப்புச் சுவரும்

இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். உள்ளூர்க் கொத்தனார் ஒருவரை, தரகர் சொல்லாத ஆளாகப் பார்த்து, ஒருநாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். மொத்த வியாபாரத்திலேயே மலிவான, மிகவும் பயனுள்ள செலவு அதுதான்.

மலையில் மனை என்றால் பெரும்பாலும் பின்பக்கம் மண்ணை வெட்டி, அந்த மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்தியதாக இருக்கும். வீட்டின் பின்பாதி வெட்டிய கெட்டி மண்ணில் நிற்கும், முன்பாதி கொட்டிய மண்ணில் நிற்கும். கொட்டிய மண் ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். அப்போது விரிசல் இரண்டும் சேருகிற கோட்டில் வரும். ஹாலின் நடுவில் தரை ஓடுகள் ஒரே நேர்கோட்டில் பிளந்திருந்தால் அது ஓடு பதித்தவரின் குறை என்று சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல், படி படியாகக் கல் இணைப்பு வழியே போகும் விரிசல், தாழ்ப்பாள் பொருந்தாத கதவு ஆகிய மூன்றையும் ஒரே சுவரில் கண்டால் விலை பேசவே உட்காராதீர்கள். புதிதாக ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தடுப்புச் சுவர். அதன் ஒரு முனையில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் நீளவாக்கில் பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தால் பின்னால் மண் அழுத்துகிறது என்று பொருள். சுவரின் கீழ்ப்பாகத்தில் வரிசையாகக் குழாய்த் துளைகள் இருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் அந்தத் துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டினால் நல்லது, சுவர் தன் வேலையைச் செய்கிறது. துளைகள் காய்ந்திருக்க, சுவரின் முகம் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் துளைகள் அடைத்துவிட்டன, தண்ணீர் உள்ளே தேங்குகிறது. துளையே இல்லாத பளபளப்பான சிமென்ட் சுவரைவிட, பழைய காலத்தில் சாந்து போடாமல் அடுக்கிய கருங்கல் சுவர் எவ்வளவோ மேல், தண்ணீர் அதன் இடுக்கு வழியே தானாக இறங்கிவிடும்.

பிறகு மேலே ஏறுங்கள். உங்கள் வீட்டுக்கு மேலே யார் இருக்கிறார்கள், அவர்களுடைய செப்டிக் டேங்க் எங்கே, மழைநீர் எந்தப் பக்கம் விழுகிறது, சாலையின் சிறுபாலம் எங்கே திறக்கிறது என்று பாருங்கள். அது நேராக உங்கள் கூரையைப் பார்த்துத் திறந்தால் வேறு வீடு தேடலாம். மேட்டில் உள்ள மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து வளர்ந்திருந்தால் அந்த மண் பல வருடங்களாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. தேயிலைச் செடி மூடிய பழைய சரிவு ஓரளவு பிடிமானமுள்ளது. செடியைப் பிடுங்கிச் செம்மண் வெளியே தெரியும்படி வெட்டிய சரிவில் இரண்டு மழைக்காலமாவது போகட்டும்.

கீழேயும் இறங்கிப் பாருங்கள். கீழ் மனைக்காரர் நாளைக்குத் தன் இடத்தை வெட்ட ஆரம்பித்தால் உங்கள் அடித்தளத்தின் பிடி போகும். மாவட்ட நிர்வாகம் நிலச்சரிவு அபாயமுள்ள 283 இடங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. நீங்கள் பார்க்கும் சர்வே எண் அவற்றில் ஒன்றையொட்டி வருகிறதா என்று வருவாய்த் துறையில் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் சொல்லிவிடுவார். அதைவிடச் சீக்கிரம் பக்கத்துக் டீக்கடையில் தெரியும்: “2009 மழையில் இங்கே என்ன ஆயிற்று?” என்று மட்டும் கேளுங்கள்.

வெயில்

வாஸ்து பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இங்கே அதைவிடப் பெரிய கேள்வி டிசம்பர் மாதத்தில் எந்த அறைக்கு எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வடக்கு நோக்கி இறங்கும் செங்குத்தான சரிவில் இருக்கும் வீடு மாலை மூன்று மணிக்கே நிழலில் மூழ்கிவிடும். மே மாதத்தில் பார்த்தால் இது தெரியவே தெரியாது, அப்போது சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கிறது.

கிழக்கும் தெற்கும் திறந்த வீடு என்றால் யோசிக்காமல் பட்டியலில் மேலே வையுங்கள். பிற்பகலில் மூடுபனி ஏறிவிடும் ஊர்களில் காலை வெயில்தான் துணி காயவைக்கும், சுவர் காயவைக்கும், மனிதரையும் காயவைக்கும். அலமாரிகளைத் திறந்து மோந்து பாருங்கள். பூஞ்சணம் பிடித்த வாசனை வந்தால், குறிப்பாக மலையை ஒட்டிய சுவரோடு சேர்ந்த அலமாரியில், அது பெயின்ட் அடித்துப் போகிற விஷயமில்லை. சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஆள் நடக்கும் அளவாவது இடைவெளியும், அதில் ஓடுகிற சாக்கடையும் வேண்டும்.

உதகைப் பக்கம் பள்ளத்தாக்கின் அடிமட்டத்தில் உள்ள மனைகள் விலை சற்றுக் குறைவாக வரும். தலைக்குந்தா போன்ற இடங்களில் குளிர்காலத்தில் உறைபனி விழுவது அந்தப் பள்ளங்களில்தான். மழையில் தண்ணீர் நிற்பதும் அங்கேதான். கொஞ்சம் மேடான இடமே நல்லது.

தண்ணீர்

“தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை” என்று சொல்லாத விற்பனையாளரை நான் பார்த்ததில்லை. மார்ச், ஏப்ரலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் பேச்சு வேறு மாதிரி போகும். உதகை நகருக்கு பார்சன்ஸ்வேலி, குன்னூர் நகருக்கு ரேலியா அணை என்று ஆதாரங்கள் உண்டு. இருந்தும் கோடையில் குன்னூரின் பல வார்டுகளில் குழாயில் தண்ணீர் வருவதற்குப் பல நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் எத்தனை லிட்டர் தொட்டி இருக்கிறது என்பதை எட்டிப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் தொட்டி மேல் தொட்டியாக அடுக்கியிருந்தால் அதுவே பதில்.

ஊருக்கு வெளியே பெரும்பாலும் ஊற்றுத் தண்ணீர்தான். ஊற்று யாருடைய நிலத்தில் இருக்கிறது, குழாய் யாருடைய தோட்டத்தின் வழியாக வருகிறது, அந்த உரிமை எழுத்தில் இருக்கிறதா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். வாய்மொழி உடன்பாட்டில் வந்த தண்ணீர், நிலம் கைமாறிய அன்றே நின்றுபோகலாம். வாங்கிய பிறகு போர் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். நீலகிரியில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டக் கட்டுப்பாடு இருக்கிறது. பொக்லைன் வைத்து மண் வெட்டவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அபராதம் கட்டப்போவது அவரில்லை.

பாதை

சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை கார் போகிறதா? போகிறது என்றால் யாருடைய நிலத்தில் போகிறது? மலையில் பாதிச் சண்டை இந்தக் கேள்வியில்தான் பிறக்கிறது. தேயிலைத் தோட்டத்தின் நடுவே போகும் தனியார் சாலையில் எஸ்டேட்காரர் சும்மா விட்டிருக்கலாம். நாளைக்கு கேட் போட்டுவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பத்திரத்தின் சொத்து விவரத்தைப் படியுங்கள். நான்கெல்லை எழுதிய பிறகு, கடைசியில், “மாமூல் நடைபாதை பாத்தியம் சகிதம்” என்று மட்டும் இருந்தால் நடந்து போகலாம், லாரியில் மணல் கொண்டுபோக முடியாது. பாதையின் அகலம் அடிக் கணக்கில், எந்த சர்வே எண்ணின் எந்தப் பக்கமாகப் போகிறது என்ற விவரத்தோடு, நடக்கவும் வாகனம் செல்லவும் தண்ணீர்க் குழாய், மின்கம்பி கொண்டுசெல்லவும் உரிமை உண்டு என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கவில்லை என்றால், கிரயத்துக்கு முன்பே பாதை நிலத்தின் உரிமையாளரையும் அழைத்து ஒரு பாதைப் பாத்தியப் பத்திரம் பதிவு செய்துகொள்ளுங்கள். கிரயம் முடிந்த பிறகு அவர் சொல்வதுதான் விலை.

படிக்கட்டு வழியாக மட்டுமே இறங்க முடிகிற வீடுகளும் நிறைய உண்டு. விலை குறைவாக இருக்கும். ஒரு மூட்டை சிமென்ட் இறக்கவும், ஒரு கேஸ் சிலிண்டர் தூக்கவும் தனியாகச் சுமைகூலி கொடுக்க வேண்டும். எழுபது வயதில் அந்தப் படிகளை ஏறிப் பார்க்கும் மனக்கண் உங்களுக்கு இருக்கட்டும்.

பத்திரம்

இங்கேதான் வக்கீல் வேண்டும். அதுவும் நீலகிரி நிலங்களில் பழகிய வக்கீல். சமவெளியில் எவ்வளவு பெரிய வக்கீலாக இருந்தாலும் மலையின் நிலச் சட்டங்கள் அவருக்குப் புதிதாக இருக்கக்கூடும்.

வழக்கமான பட்டியல் எல்லோருக்கும் தெரியும்: தாய்ப்பத்திரம், குறைந்தது முப்பது வருடத் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், வீட்டு வரி ரசீது. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் நீங்களே பார்க்கலாம். பட்டாவையும் கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டையும் வருவாய்த் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். நகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. ஆனால் பதிவு செய்யாத ஒப்பந்தமும் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் வில்லங்கச் சான்றில் வராமல் போகலாம். உள்ளூரில் விசாரிப்பதற்கு மாற்று இல்லை.

மலைக்கே உரிய சிக்கல்கள் சில உண்டு. முதலாவது கூட்டுப் பட்டா. ஹட்டிகளை, அதாவது படுகர் கிராமங்களை, சுற்றியுள்ள நிலங்களில் தாத்தா பெயரில் ஒரே பட்டா, அதில் மூன்று தலைமுறை வாரிசுகள் என்பது சாதாரணம். அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு அவரவர் பகுதியில் தேயிலை பறித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குள் தகராறே இருக்காது. நீங்கள் வாங்கும்போது மட்டும், உங்கள் பகுதி எது என்பதற்குக் காகிதம் இருக்காது. பதிவான பாகப்பிரிவினையும் உட்பிரிவு செய்த தனிப் பட்டாவும் வந்த பிறகே முன்பணம் கொடுங்கள். “தங்கச்சிகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, சீரெல்லாம் செய்தாயிற்று, அவர்களுக்கு ஒன்றும் இல்லை” என்று ஒரு அண்ணன் சொல்வார். தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த திருத்தங்கள் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்துவிட்டன. தங்கச்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, அரசு ஒப்படைத்த நிலங்கள். பழங்குடியினருக்கும் ஆதிதிராவிடர்களுக்கும் தாயகம் திரும்பிய தமிழர்களுக்கும் நிபந்தனையோடு கொடுத்த இடங்கள் இந்த மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. பட்டா இருக்கிறது என்பது போதாது, அதில் நிபந்தனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிபந்தனையை மீறி வாங்கிய நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த மக்களுக்கு எழுதிய பாதுகாப்பு அது. குறுக்குவழி தேடிப்போவது சட்டத்துக்கும் சரியில்லை, நியாயத்துக்கும் சரியில்லை.

மூன்றாவது, கூடலூர், பந்தலூர் வட்டங்கள். 1969-ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் (தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட நிலங்களைப் பற்றியது) சிக்கிய நிலங்களின் வழக்கு தலைமுறைகளைத் தாண்டி ஓடுகிறது. ‘பிரிவு 17’ என்ற சொல் காதில் விழுந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வெறும் அனுபவ பாத்தியத்தை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லும் வீடுகள் பாதி விலைக்குக் கிடைக்கும். நீங்கள் வாங்குவது அந்த ஸ்டாம்ப் பேப்பரை மட்டும்தான். இதோடு 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. அதன்கீழ் வரும் நிலத்தை முன் அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

நான்காவது, மசினகுடி, பொக்காபுரம் பக்கம். சீகூர் யானை வழித்தடத்தை 2010-இல் அரசு அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அதை உறுதி செய்தது. அங்கே பல விடுதிகள் சீல் வைக்கப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். யானைகள் பத்திரம் படிப்பதில்லை, ஆனால் நீதிமன்றம் இந்த விஷயத்தில் அவற்றின் பக்கம்தான் நின்றது.

வெலிங்டன் கன்டோன்மென்ட் எல்லைக்குள் வரும் சொத்துகளுக்கு ராணுவ நில விதிகள் தனி. அங்கே கட்டடம் ஒருவருடையது, நிலம் அரசுடையது என்ற நிலைமையும் இருக்கும்.

எல்லாம் சரியென்று வக்கீல் சொன்ன பிறகு, கட்டணம் கட்டி நில அளவையரை வரவழைத்து அளந்து பாருங்கள். புல வரைபடத்தில் இருக்கும் கல் தரையில் இருக்காது. முப்பது வருட மழை அதை எங்கேயோ கொண்டுபோயிருக்கும். இன்னொன்று: சென்ட் கணக்கு வரைபடத்தின் தட்டையான அளவு. பத்து சென்ட் என்று வாங்கிய சரிவில் வீடு கட்டவும் நடமாடவும் பயன்படும் இடம் நாலு சென்ட்தான் தேறும் என்பதும் நடக்கும்.

கட்டட அனுமதி

நீலகிரியின் பெரும்பாலான கிராமங்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. உள்ளூரில் ‘ஹாகா’ என்றால் எல்லோருக்கும் தெரியும். அங்கே கட்டுவதென்றால் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் மற்றும் சுரங்கத் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்று தேவைப்படும். கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. நீங்கள் பார்க்கும் வீடு சாலையிலிருந்து இரண்டு மாடியாகவும் பள்ளத்திலிருந்து நாலு மாடியாகவும் தெரிந்தால், அனுமதித்த வரைபடத்தைக் கேட்டு வாங்கி ஒவ்வொரு அறையாக ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தில் இல்லாத மாடிக்கும் சேர்த்துத்தான் உங்களிடம் விலை சொல்லியிருப்பார்கள். வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால் அங்கேயே சிக்கும்.

தேயிலைத் தோட்டத்தைத் துண்டு போட்டு மனையாக விற்கும் விளம்பரங்களில் ‘பஞ்சாயத்து அனுமதி’ என்று இருக்கும். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட அனுமதியற்ற மனைப் பிரிவுகள் வரன்முறைத் திட்டத்துக்குள் வராது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களும் எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்ககங்களும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

வீட்டை வாங்கி, சீசனில் காட்டேஜாக விட்டால் மாதத் தவணை தானாகக் கட்டிவிடும் என்று சொல்வார்கள். குடியிருப்பு அனுமதி வாங்கிய வீட்டை விடுதியாக நடத்தினால் சீல் விழும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது. அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதற்கு மாறாக, உங்கள் பக்கத்து வீடு காட்டேஜாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நின்றால் தெரிந்துவிடும்.

மரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூரைக்கு மேலே நிற்கும் கற்பூர மரமும் சில்வர் ஓக்கும் ஜூன், ஜூலைக் காற்றில் சாயும். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது, உங்கள் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி வாங்க வேண்டும். ஆபத்தான மரம் இருந்தால் அனுமதி வாங்கி வெட்டித் தருவது விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

அக்கம்பக்கம்

காட்டுமாடு வாசலில் நிற்கும். கோத்தகிரியில் கரடி சமையலறைக் கதவை உடைக்கும், அதற்கு எண்ணெய் வாசனை போதும். நாயைச் சிறுத்தை தூக்கும். இவற்றோடுதான் இங்குள்ளவர்கள் வாழ்கிறார்கள். வாசலுக்கும் தெருவிளக்குக்கும் உள்ள தூரம், பள்ளிப் பிள்ளைகள் பஸ் ஏறும் இடம், பின்கதவின் பலம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். குப்பையை எங்கே போடுகிறார்கள் என்றும் பாருங்கள், கரடி வருவது அங்கேதான்.

விலையும் பதிவும்

பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இது அரசின் வழிகாட்டி மதிப்பு, பத்திரத்தில் எழுதும் விலை இரண்டில் எது அதிகமோ அதன் மேல். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருந்தால் பிடித்தம் வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள். முன்பணத்தை ரொக்கமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம்.

கிரய ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்குப் போட்டுப் பதிவு செய்வது நல்லது. முடிந்தால் அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு மழைக்காலம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவர் விற்கிறார் என்றால் அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்த்துப் பேசி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பதிவு முடிந்த வாரமே பட்டா மாறுதலைக் கவனியுங்கள். உட்பிரிவு தேவையில்லாத சொத்தாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், உட்பிரிவு வேண்டுமென்றால் நில அளவையருக்காகக் காத்திருக்க வேண்டும். வீட்டு வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றுங்கள். பிறகு கூரை. மழைக்கு முன் ஓடுகளைச் சரிபார்த்து, தகரமாக இருந்தால் போல்ட்டுகளை முறுக்கி, கூரை நீர்க் குழாயில் விழுந்த சருகை எடுத்து, தடுப்புச் சுவரின் துளைகளைக் கம்பி விட்டுக் குத்திவிட வேண்டும். இந்த வேலைக்கு ஆள் மே மாதத்தில் கிடைக்க மாட்டார், எல்லோரும் சீசன் வேலையில் இருப்பார்கள். மார்ச் கடைசியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.